லத்தி அள்ளுகிறவருக்குத்தான் முதலில் தெரியும்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 24 வயது. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். பி.காம். முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். சின்ன வயதிலிருந்தே குதிரை என்றால் உயிர். அதனால் அந்த வேலையை விட்டுவிட்டு, ஓசூருக்கு வெளியே ஒரு குதிரையேற்றப் பயிற்சி மையத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. மொத்தம் பதினொரு குதிரைகள். இன்று வரை லத்தி அள்ளுவதும் தண்ணீர் சுமப்பதும்தான் என் வேலை. சவாரி கற்றுத்தருவதாகச் சொன்னார்கள். இரண்டு தடவை ஏற்றி நடக்கவிட்டதோடு சரி. ரேஸில் ஓடி ஓய்வுபெற்ற பெண்குதிரை ஒன்று இருக்கிறது. சேணத்தை எடுத்துக்கொண்டு போனாலே காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வருகிறது, ஒரு முறை உதைத்தும்விட்டது. "நாலு சாத்து சாத்து, அடங்கிடும்" என்கிறார் மூத்த குதிரைக்காரர். போன மாதம் இன்னொரு குதிரை ராத்திரியில் புரண்டு புரண்டு படுத்தது. பாட்டிலில் நல்லெண்ணெயும் ஓமத்தண்ணீரும் கலந்து வாயில் ஊற்றி, விடியும் வரை நடத்தினோம். பிழைத்துக்கொண்டது. அது சரியான வைத்தியமா? வீட்டில் அப்பா, "படிச்ச படிப்புக்கு இதுவா வேலை" என்று கேட்டுவிட்டு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் இதில் தொடரலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கேட்டதில் உயிர் சம்பந்தப்பட்டது அந்த ராத்திரி விஷயம். அதை முதலில் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம்.

குதிரை புரள்கிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, முன்னங்காலால் தரையைப் பறிக்கிறது, தீவனத்தைத் தொடவில்லை என்றால் அது வயிற்றுவலி. எங்கள் துறையில் கோலிக் என்போம். பாட்டிலில் எண்ணெய் ஊற்றுவது நம் பக்கத்தில் மாட்டுக்குச் செய்து பழகிய வைத்தியம். மாட்டுக்கே அதில் ஆபத்து உண்டு. குதிரையின் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது, எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போய்விட்டால் வயிற்றுவலியிலிருந்து தப்பிய குதிரை நிமோனியாவில் செத்துப்போகும். எண்ணெய் வழவழப்பாக இருப்பதால் பல சமயம் இருமல்கூட வராது. தப்பான வழியில் போனதே உங்களுக்குத் தெரியாது. தயவுசெய்து இனி அதைச் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உடம்பு அவ்வளவு பெரிதாக இருந்தாலும் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். கீழே குடல் அடைத்துக்கொண்டு, மேலே வாயுவும் நீரும் சேர்ந்துகொண்டே போனால் இரைப்பை கிழிந்துவிடும். கால்நடை மருத்துவர் மூக்கு வழியாக ஒரு நீளக் குழாயை இரைப்பை வரை செலுத்துவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அங்கே தேங்கியதை வெளியே எடுக்கவும், தேவைப்பட்டால் எண்ணெயைப் பத்திரமாக உள்ளே அனுப்பவும் அதுதான் வழி.

உங்கள் குதிரை பிழைத்தது அந்த வைத்தியத்தால் என்று நினைக்க வேண்டாம். வாயுவால் வரும் லேசான வயிற்றுவலி பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் விடியும் வரை நடத்தியது அத்தனையும் வீணான நேரம். அந்த நேரத்தில்தான் மருத்துவர் தேவைப்பட்டிருப்பார்.

அடுத்த முறை இப்படி நடந்தால், தீவனத்தை உடனே எடுத்துவிடுங்கள். முதலாளிக்கும் மருத்துவருக்கும் போன் போடுங்கள். வழக்கமான மருத்துவர் எடுக்கவில்லை என்றால் கால்நடை அவசர ஊர்திக்கான 1962 எண் இருக்கிறது. மருத்துவர் வரும் வரை, குதிரை அமைதியாகப் படுத்திருந்தால் படுத்திருக்கட்டும், எழுப்பி வதைக்க வேண்டாம். முரட்டுத்தனமாகப் புரண்டு சுவரில் மோதிக்கொள்கிறது என்றால் மட்டும் மெதுவாக நடத்துங்கள். அதையும் மணிக்கணக்கில் செய்யாதீர்கள்; ஏற்கெனவே நொந்துபோன குதிரை இன்னும் களைத்துவிடும். முதலாளியின் அலமாரியில் வலிநிவாரணி ஊசி இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். வலி மறைந்துவிட்டால், அறுவை சிகிச்சை வரை போக வேண்டிய குதிரையும் பார்வைக்கு நன்றாக இருப்பதுபோலத் தெரியும்.

போனில் "டாக்டர், குதிரைக்கு முடியல, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னால் எங்களுக்கு எதுவும் புரியாது. நாடித்துடிப்பைச் சொல்லுங்கள். தாடை எலும்பின் கீழ் விளிம்பில் உள்பக்கமாக விரலை வைத்து மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால், பென்சில் தடிமனுக்கு ஒரு குழாய் விரலுக்கடியில் உருளும். கட்டைவிரலைப் பயன்படுத்தாதீர்கள், அதில் உங்கள் நாடியே துடிக்கும். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு சாதாரணம். 60-ஐத் தாண்டினால் கிளம்பி வரும் மருத்துவர் வண்டியை இன்னும் வேகமாக ஓட்டுவார். உடல் வெப்பம் 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். மேலுதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தால் நல்லது. செங்கல் நிறத்திலோ வெளிறியோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். விரலால் ஈறை அழுத்தி எடுத்தால் வெள்ளையான இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். விலாவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் காதை வைத்துக் கேளுங்கள். குடலில் ஏதாவது சத்தம் இருந்துகொண்டே இருக்கும். முழு நிசப்தம் கெட்ட செய்தி.

இதையெல்லாம் குதிரை நன்றாக இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பழகி, ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இருட்டில், பதற்றத்தில், முதல் முறையாக நாடியைத் தேடினால் கிடைக்காது.

இப்போது உங்கள் மனக்குறைக்கு வருகிறேன். அந்த ராத்திரி மருத்துவர் வந்திருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பார் தெரியுமா? கடைசியாக எப்போது லத்தி போட்டது, எவ்வளவு போட்டது, எப்படி இருந்தது, எத்தனை வாளி தண்ணீர் குடித்தது. பதினொரு குதிரைக்கும் இந்தப் பதில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். முதலாளிக்குத் தெரியாது. பயிற்சியாளருக்கும் தெரியாது, அவர் சேணம் பூட்டிய குதிரையைத்தான் பார்க்கிறார்.

ஆரோக்கியமான குதிரை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை லத்தி போடும். உருண்டைகளாக இருக்கும், தரையில் விழுந்ததும் சில உடையும். உடையாமல் கல் மாதிரி கிடந்தால் தண்ணீர் போதவில்லை. மேலே பளபளவென்று சளி பூசியதுபோல இருந்தால் குடலில் வெகுநேரம் தங்கி வந்திருக்கிறது. முழுசு முழுசாகக் கொள்ளோ ஓட்ஸோ தெரிந்தால் பல்லில் கோளாறு. மாட்டுச் சாணம் மாதிரி இளகினால், தீவனத்தைத் திடீரென்று மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். மணல் தரையில் தீவனம் போடும் இடமாக இருந்தால், ஒரு கைப்பிடி லத்தியை வாளித் தண்ணீரில் கரைத்து அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் மணல் தங்கினால் குடலிலும் தங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனைக்கு எந்த லேபும் வேண்டாம்.

தண்ணீரும் அப்படித்தான். ஒரு குதிரை நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். சித்திரை வெயிலில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அதற்கு மேலும் போகும். ஓசூர் மேட்டில் கொஞ்சம் குளிர்ச்சி என்றாலும் வேலை செய்த குதிரைக்கு வியர்வையோடு உப்பும் போகிறது. தீவனத் தொட்டியில் கல்லுப்புக் கட்டி ஒன்று நக்கக் கிடக்கட்டும். நிறைய லாயங்களில் தானாக நிரம்பும் தண்ணீர்த் தொட்டி வைத்துவிடுகிறார்கள். வேலை மிச்சம்தான், ஆனால் குதிரை குடித்ததா இல்லையா என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. நீங்கள் வாளி சுமப்பதால்தான் உங்களுக்குத் தெரிகிறது. காலையில் போகும்போது வாளி முக்கால்வாசி நிரம்பியிருந்தால் அந்தக் குதிரையின் பெயரை நோட்டில் எழுதிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

படுக்கையைச் சுத்தம் செய்யும்போது ஒரு தடவை முட்டிபோட்டு, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். நின்றுகொண்டிருந்தால் தெரியாத மூத்திர நெடி அங்கே கண்ணைக் கரிக்கும். படுத்திருக்கும் குதிரை ராத்திரி முழுக்க அதைத்தான் சுவாசிக்கிறது. ஈர மரத்தூளை ஓரம் வரை வழித்தெடுப்பவனுக்கும் மேலாக்கில் புதுத்தூள் தூவிவிடுபவனுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று மாதம் கழித்துக் குதிரையின் இருமலில் தெரியும். குளம்பிலும் தெரியும். குளம்பின் அடியில் வி வடிவத்தில் ரப்பர் மாதிரி இருக்கும் பகுதியின் இரண்டு பக்கப் பள்ளத்திலும் கறுப்பாக, அழுகல் நாற்றத்தோடு ஏதாவது வந்தால் அது ஈரப் படுக்கையின் வேலை. குளம்பு வாரும் கொக்கியை எப்போதும் குதிகால் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி இழுங்கள். தினம் இரண்டு வேளை, சவாரிக்கு முன்னும் பின்னும். லாடக்காரர் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை வர வேண்டும்; வரவில்லை என்றால் நினைவூட்ட வேண்டியவர் குளம்பைத் தினமும் தொடுகிற நீங்கள்தான்.

தீவனம் உங்கள் பொறுப்பில் இல்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் ஒன்று சொல்லிவைக்கிறேன், நம் மாவட்டங்களில் இது அதிகம். பச்சைக்கு கோ-4 புல், அதோடு வாளி வாளியாகக் கோதுமைத் தவிடு என்று மட்டும் போட்டு வளர்க்கிறார்கள். அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவ ஆரம்பிக்கும். நாளடைவில் மூக்கெலும்புக்கு இரண்டு பக்கமும் வீங்கிக்கொண்டு முகம் பெருத்துவிடும். இடம் சொல்ல முடியாத நொண்டலும் வரும். குதிரைமசால் என்ற தீவனப் பயிரைக் கொஞ்சம் சேர்த்தால் சுண்ணாம்புச்சத்து கிடைக்கும், தவிட்டைக் குறைத்தால் இன்னும் நல்லது. கொள்ளு போடலாம், ஊறவைத்து வேகவைத்துக் கொஞ்சமாக. பூஞ்சை பிடித்த ராகித்தாளோ மக்காச்சோளமோ எந்தக் காரணத்துக்கும் கூடாது. எந்தத் தீவனத்தை மாற்றினாலும் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். மாம்பழ சீசனில் தோப்போரம் மேயவிட்டால் கவனம்: கொட்டையோடு விழுங்கினால் உணவுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். மூக்கு வழியாக எச்சிலும் தீவனமும் ஒழுகும். அப்போதும் வாயில் எதையும் ஊற்றாமல், தண்ணீர், தீவனம் இரண்டையும் எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அந்தப் பெண்குதிரை விஷயம். அடிக்காதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி அடித்துத் துன்புறுத்துவது குற்றம்தான். நான் சொல்ல வருவது வேறு. சேணத்தைப் பார்த்ததும் கடிக்க வருகிற குதிரை, பெரும்பாலும் சேணம் பட்டால் எங்கேயோ வலிக்கிறது என்று சொல்கிற குதிரை. அதற்கு வாய் இல்லை, பல் இருக்கிறது. அதை அடித்தால் காதை மடக்குவதை நிறுத்திவிடும், வலி நிற்காது. அப்புறம் முன்னறிவிப்பு இல்லாமல் நேராக உதைக்கும். அடித்து அடக்கிய குதிரைதான் லாயத்திலேயே ஆபத்தான குதிரை, ஏனென்றால் அது எச்சரிக்கை கொடுப்பதை விட்டுவிட்டது.

வலி எங்கே என்று தேடலாம். சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகைப் பாருங்கள். வியர்வை ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால், அங்கே சேணம் அழுத்துகிறது. பிடரிமயிர் முடிகிற மேட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய அழுத்தத்தின் தழும்பு. அடுத்த நாள், வேலைக்கு முன்னால், முதுகெலும்புக்கு இரண்டு விரற்கடை தள்ளி விரல்நுனியால் ஓரளவு அழுத்தமாகத் தோளிலிருந்து இடுப்பு வரை கோடிழுத்துப் பாருங்கள். ஏதாவது ஓரிடத்தில் முதுகை இறக்கினாலோ, வாலைச் சுழற்றினாலோ அந்த இடத்தை எழுதிக்கொள்ளுங்கள். வயிற்றுப் பட்டையை ஒரே இழுப்பில் இறுக்குகிறார்களா? ஒரு துளை, பிறகு நாலடி நடத்தி இன்னொரு துளை, இப்படி இறுக்கினாலே சில குதிரைகளின் கோபம் பாதி குறைந்துவிடும்.

பல்லையும் பார்க்க வேண்டும். குதிரைப் பல் வயதான பிறகும் வெளியே வந்துகொண்டே இருக்கும். பக்கவாட்டில் அரைத்து அரைத்து, மேல்வரிசையின் வெளி ஓரமும் கீழ்வரிசையின் உள் ஓரமும் கத்தி மாதிரி கூராகி, கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். அரைகுறையாக மென்ற புல்லுருண்டை தொட்டிக்குக் கீழே கிடக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது மருத்துவர் அரம் போட்டுச் சமன்செய்ய வேண்டும். கடிவாளம் படும் இடம் அதற்குப் பக்கத்தில்தான் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவதாக நான் சந்தேகப்படுவது இரைப்பைப் புண். ரேஸ் குதிரைகளில் இது மிகவும் சாதாரணம். குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். புல்லை மெல்லும்போது ஊறும் எச்சில்தான் அதற்கு மாற்று. காலையில் ஒரு படி, சாயந்திரம் ஒரு படி தானியம் போட்டு, நடுவில் வெறும் தொட்டியைப் பார்த்து நிற்கவைத்தால் புண் வராமல் எப்படி இருக்கும்? நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உலர்புல் கிடைக்கும்படி செய்யச் சொல்லுங்கள். சேணம் பூட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு பிடி புல் போட்டுப் பாருங்கள். அதோடு, இந்தக் கோபம் ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை வந்து போகிறதா என்றும் கவனியுங்கள். சினைப்பருவமாக இருந்தால் அப்படி வரும்.

வலிக்குக் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை உங்கள் உடம்பு உங்களுக்கு முக்கியம். குதிரைக்கு நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரமும் கண் தெரியாது. இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். முதலில் தோளைத் தொடுங்கள். பின்னால் போயே ஆக வேண்டும் என்றால் பிட்டத்தில் கையை வைத்தபடி உரசிக்கொண்டு போங்கள், அல்லது பத்தடிக்கு மேல் தள்ளிப் போங்கள். நடுத்தூரம்தான் முழு உதையும் விழும் தூரம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், ஒரு சுற்றுக்கூட. கட்டும்போது இழுத்தால் அவிழும் முடிச்சு போடுங்கள். செருப்போடு லாயத்துக்குள் போகாதீர்கள்.

முதலாளியிடம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. கேட்கச் சங்கடப்படாதீர்கள். முதலில் உங்களுக்கு டெட்டனஸ் தடுப்பூசி. அந்தக் கிருமி குதிரை லத்தியிலும் மண்ணிலும் இயல்பாகவே இருக்கும். கையில் ஒரு சின்ன ஆணிக் கீறல் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம், இந்த வாரமே போங்கள். குதிரைகளுக்கும் அந்தத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். டெட்டனஸால் மிக எளிதில் பாதிக்கப்படும் விலங்கு குதிரை. சவாரிக்கென்று செய்த ஹெல்மெட்டும், அங்கவடிக்குள், அதாவது சவாரியில் கால் வைக்கும் வளையத்துக்குள், கால் நுழைந்து மாட்டிக்கொள்ளாதபடி சின்னக் குதிகால் உள்ள ஷூவும் அவர்கள் தர வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்து, சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு பற்றிக் கேளுங்கள். நீங்கள் கம்பெனியில் இருந்தவர், அந்தப் பழைய எண்ணே உங்களிடம் இருக்கும். புதுக் குதிரை வந்தால், குறிப்பாக வெளி மாநிலத்திலிருந்து வந்தால், கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனைச் சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூக்கிலிருந்து பிசுபிசுப்பான சளி, தோலில் வரிசையாகப் புண் என்றால் தனியே கட்டிவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்; அது மனிதருக்கும் தொற்றி உயிரை வாங்கும் நோய்.

சவாரி கற்றுத்தருவதாகச் சொல்லித்தான் சேர்த்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் இரண்டு தடவை என்பது போதாது, அதில் உங்கள் வருத்தம் நியாயமானது. நேராகப் போய், "வாரத்துக்கு இரண்டு நாள், வேலை முடிந்த பிறகு அரை மணி நேரம், சாதுவான குதிரையில், நீளக் கயிற்றில் சுற்றவிட்டுக் கற்றுக்கொடுங்கள்" என்று கேளுங்கள். பொத்தாம்பொதுவாக "எப்போ சார் கத்துத் தருவீங்க" என்றால் "பார்க்கலாம்ப்பா" என்றுதான் பதில் வரும். நீளக் கயிற்றில் சுற்றும்போது கடிவாளம் உங்கள் கையில் இருக்காது. அங்கவடியும் இல்லாமல் வெறும் உட்காரும் திறனை மட்டும் கற்றுக்கொள்வீர்கள். சலிப்பாக இருக்கும், தொடை வலிக்கும். ஆனால் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே சவாரி பழகியவர்களின் குதிரை வாய் மரத்துப்போவதை நீங்களே உங்கள் லாயத்தில் பார்த்திருப்பீர்கள்.

இன்னும் மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். அதற்குள் சவாரியும் கற்றுத்தரவில்லை, ஹெல்மெட்டும் இல்லை, வயிற்றுவலி வந்தால் மருத்துவரைக் கூப்பிடவும் மனமில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். தொழிலை விட வேண்டாம். ஓசூரைச் சுற்றியும், பெங்களூரு பக்கமும் குதிரையை மதிக்கிற லாயங்கள் இருக்கின்றன. நாடி பார்க்கத் தெரிந்த, நோட்டு எழுதுகிற பையனை அவர்கள் விடமாட்டார்கள்.

அப்பாவைப் பற்றி. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. மானாவாரி நிலத்தில் ராகியும் கொள்ளும் போட்டு உங்களைப் பி.காம். படிக்கவைத்த மனிதர், மகன் ஏ.சி. ஆபீஸில் இருப்பான் என்று நினைத்தார். அவரிடம் வாதாடாமல் விவரமாகச் சொல்லுங்கள். நம் பக்கத்துக்குக் குதிரை புதிது இல்லை. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் இருக்கும் அரசுக் கால்நடைப் பண்ணை 1824-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் அது ராணுவத்துக்காகக் குதிரை வளர்த்த இடம். நம் ஊர்களில் முனியப்பன் கோயில் வாசலில் மண்குதிரை நிற்காத இடம் குறைவு. அந்தியூர் குருநாதசாமி கோயிலில் ஆடி மாதம் கூடும் குதிரைச் சந்தைக்கு அவரை ஒருமுறை கூட்டிப்போங்கள். மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளுக்கு அங்கே பேசப்படும் விலையையும், ஒரு குதிரையின் காலைத் தூக்கிப் பார்த்து "இது வேண்டாம்" என்று சொல்லும் ஆளுக்கு இருக்கும் மரியாதையையும் அவரே பார்க்கட்டும். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா குதிரையேற்றத்தில் தங்கம் வாங்கியது, 1982-க்குப் பிறகு முதல் முறையாக. அதற்கப்புறம் பிள்ளைகளைக் குதிரையேற்றத்துக்குச் சேர்க்க விசாரிக்கும் பெற்றோர் பலர் என்னிடமே வந்தார்கள். பயிற்சியாளர்களும், நல்ல லாடக்காரர்களும், நம்பி விட்டுப்போகக்கூடிய பராமரிப்பாளர்களும் போதவில்லை. லாடம் கட்டும் வேலையில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால் அதைத் தனியாக யோசியுங்கள். கை பழகிய லாடக்காரரை ஒரு லாயத்துக்கும் இன்னொரு லாயத்துக்கும் இடையே பங்கு போட்டுக்கொள்கிற நிலைமைதான் இன்று இருக்கிறது.

அப்புறம், அப்பாவிடம் ஒரு யோசனை கேளுங்கள், உத்தரவாக இல்லாமல். கிணற்றிலோ போரிலோ தண்ணீர் இருந்தால் ஒரு பத்து சென்டில் குதிரைமசால் போட முடியுமா என்று. விதைத்து முதல் அறுப்புக்கு இரண்டரை மாதம் போல ஆகும், அதற்குப் பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு அறுப்பு வரும். ஒரே நடவில் சில வருடம் நிற்கும். உங்கள் லாயத்துக்கே அது தேவை. பயிர் விஷயத்தில் உங்களைவிட அவருக்குத்தான் தெரியும், அவர் வாய் திறந்துதான் ஆக வேண்டும்.

பெண்குதிரையின் பல்லையும் முதுகையும் உங்கள் மருத்துவர் பார்த்த பிறகு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அதன் வயது, எத்தனை வருடம் ரேஸில் ஓடியது, எந்தெந்த நேரத்தில் என்ன தீவனம் போடுகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சேணத்தை இறக்கியதும் முதுகை மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. அது வரை அந்தக் குதிரைக்குச் சவாரி வேண்டாம் என்று நான் சொன்னதாக முதலாளியிடம் சொல்லுங்கள்.